இந்த எம்ஜிபி உண்மையில் எந்த வருடத்து வண்டி?

கேள்வி: பாதி பிரித்துப் போட்ட நிலையில் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பழைய பிரிட்டிஷ் திறந்த கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். 1967 மாடல் என்று சொல்லித்தான் விற்றார்கள். பதிவுப் பேப்பரில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் இருக்கும் தகட்டு நம்பரும் ஒன்றுதான். ஜிஎச்என்3எல் என்று தொடங்குகிறது. ஆனால் வேலையைத் தொடங்கிய பிறகு சில விஷயங்கள் உறுத்துகின்றன. இன்ஜின் நம்பர் 18வி என்று ஆரம்பிக்கிறது. சீட்டுக்குப் பின்னால் பேட்டரி வைக்க ஒரே ஒரு பெட்டிதான் இருக்கிறது. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பருக்கு மூன்று துளைகள். வெளியே சிவப்பு பெயிண்ட். டேஷ்போர்டைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சை. சேசிஸ் தகட்டின் ரிவெட்டுகள் மட்டும் புத்தம் புதிதாகத் தெரிகின்றன. விற்றவரிடம் கேட்டால், "நிறைய பாகம் மாற்றிய வண்டி, அவ்வளவுதான்" என்கிறார். பெயிண்டுக்குத் தேதி வாங்கிவிட்டேன், ஃப்ளோர் தகடுகளும் ஆர்டர் செய்ய வேண்டும். பேப்பர் சரியாக இருக்கும்போது ஏன் குழப்பிக்கொள்கிறாய் என்கிறான் நண்பன். தொடரலாமா?

பதில்: இப்போதைக்குத் தொடராதீர்கள். முதலில் பெயிண்ட் தேதியைத் தள்ளி வையுங்கள். மணல் அடிப்பது, கிரைண்டர் பிடிப்பது, பட்டி பார்ப்பது எதுவும் வேண்டாம். உங்கள் வண்டி யார் என்று சொல்லப்போகும் சாட்சியெல்லாம் அந்தப் பழைய பெயிண்டிலும் வெல்டிங் தடத்திலும்தான் இருக்கிறது. ஒரு நாள் கிரைண்டர் ஓடினால் போதும், அத்தனையும் போய்விடும்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்தப் பாடி 1967இல் செய்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 1974இன் கடைசிக்குப் பிறகு அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த ரப்பர் பம்பர் வண்டி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன். அதை நீங்களே ஒவ்வொரு இடமாகப் போய்ச் சரிபார்க்கலாம்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் வந்த வண்டி. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். தனியாக சேசிஸ் கிடையாது, பாடியும் அடித்தளமும் ஒரே கூடு. ஆகவே "சேசிஸ் நம்பர்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் ரிவெட் அடித்த ஒரு தகட்டில்தான் இருக்கும். சிக்கலின் வேரே இதுதான். 1960களின் ஃபோர்டு மஸ்டாங்கில் இன்ஜின் அறையின் பக்கத் தகரத்திலேயே நம்பரைக் குத்தியிருப்பார்கள். பழைய போர்ஷே 911இலும் முன்பக்க டிக்கியின் தகரத்தில் குத்திய நம்பர் இருக்கும். அங்கே மோசடி செய்ய வேண்டுமானால் தகரத்தை வெட்டி ஒட்ட வேண்டும், அந்தத் தடம் தெரிந்துவிடும். எம்ஜிபியில் ஒரு டிரில்லும் நான்கு ரிவெட்டும் போதும். தகடும் பேப்பரும் ஒத்துப்போகின்றன என்று உங்கள் நண்பர் நிம்மதி அடைகிறார். அவை இரண்டும் ஒரே ஆளிடமிருந்து ஒரே நாளில் உங்களுக்கு வந்தவை. ஒன்றுக்கு மற்றொன்று சாட்சியாக முடியாது.

சரி, தகடு என்ன சொல்கிறது? ஜி என்றால் எம்ஜி. எச் என்பது இன்ஜின் கொள்ளளவு வகை. என் என்றால் இரண்டு சீட் திறந்த வண்டி. மூடிய ஜிடி மாடலுக்கு அந்த இடத்தில் டி வரும். 3 என்பது முதல் தொடர். கடைசி எல் இடது பக்க ஸ்டீயரிங். 1967இன் கடைசியில் மார்க் 2 வந்தபோது அந்த எண் 4 ஆனது, 1970 மாடலிலிருந்து 5. ஆக, ஜிஎச்என்3எல் என்ற தகட்டுக்கு உரிய வண்டி 1967இன் இறுதிக்கு முன்பு செய்யப்பட்டது. அந்தத் தகட்டுக்கு உரிய பாடி எப்படி இருக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் பாடியை அதோடு ஒப்பிட வேண்டும்.

ஒப்பிடும்போது எதை நம்புவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடிய எதையும் பெரிய சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்ஜின், கியர் பாக்ஸ், கார்புரேட்டர், கதவு, பானெட், முன் மட்கார்டு, கண்ணாடி, மீட்டர் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். 18வி இன்ஜின் 1971இலிருந்துதான் வந்தது, 1967 வண்டிக்கு 18ஜிபி இருந்திருக்க வேண்டும். அது உண்மைதான். ஆனால் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டியில் யாரோ நல்ல நோக்கத்தோடு இன்ஜினை மாற்றியிருப்பார்கள். 18வி மட்டும்தான் உங்கள் சந்தேகம் என்றால் தைரியமாகத் தொடருங்கள் என்றே எழுதியிருப்பேன். தொழிற்சாலையில் வெல்டு செய்து பாடியோடு சேர்ந்த பகுதிகள்தான் பேச வேண்டும்: தரைக்கு நடுவே ஓடும் கியர் டனல், பேட்டரி பெட்டி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் தகரம், ரேடியேட்டரைப் பிடிக்கும் தடுப்பு, பின் மட்கார்டு. இவற்றை மாற்ற வேண்டுமானால் வண்டியையே புதிதாகக் கட்ட வேண்டும்.

பேட்டரியில் தொடங்குவோம். 1974இன் கடைசி வரை எம்ஜிபியில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், அவற்றுக்கு இரண்டு பெட்டிகள். ரப்பர் பம்பர் வந்தபோதுதான் ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றினார்கள். பழைய வண்டிக்காரர்கள் பலர் ஒரு 12 வோல்ட் பேட்டரியைப் போட்டு மற்ற பெட்டியைக் காலியாக விட்டுவிடுவார்கள், அதனால் பேட்டரியை எண்ணாதீர்கள், பெட்டியைப் பாருங்கள். துருவில் ஒரு பெட்டி போய், யாரோ அதை வெட்டி மூடியும் இருக்கலாம். அப்படி மூடியிருந்தால் கையால் வெல்டு செய்த விளிம்பு கீழே படுத்துப் பார்த்தால் தெரியும். தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டு சின்னச் சின்னக் குழிகளாக, வரிசையாக, சீரான இடைவெளியில் இருக்கும். உங்கள் வண்டியில் இரண்டாவது பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் தகரம் இடைவெட்டே இல்லாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அங்கே எப்போதுமே பெட்டி இருந்ததில்லை.

அடுத்து வைப்பர். மூன்று வைப்பர் என்பது 1960களின் இறுதியில் அமெரிக்க விதிக்காக அங்கே போன ரோட்ஸ்டர்களில் வந்தது. இரண்டு வைப்பர் வண்டியில் துளைகளின் இடமே வேறு. பழைய பாடியில் மூன்றாவதாக ஒரு துளை போட்டு இதைச் செய்துவிட முடியாது, செய்ய ஒரு காரணமும் இல்லை. இந்த ஒரு விஷயமே 1967ஐ ஏறத்தாழ விலக்கிவிடுகிறது.

நீங்கள் எழுதாத, ஆனால் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம் டனல். 1967 இறுதியில் மார்க் 2க்கு எல்லா கியரிலும் சிங்க்ரோ (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) உள்ள புது கியர் பாக்ஸ் வந்தது. கியர் பாக்ஸ் பெரிதானதால் டனலையும் அகலமாக்கினார்கள். கார்ப்பெட்டை எடுத்துவிட்டு உங்கள் டனலை அளந்து, அசல் முதல் தொடர் வண்டி ஒன்றின் அளவோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். என்னைப் பொறுத்தவரை எம்ஜிபியில் மிக நேர்மையான சாட்சி இதுதான். டனலை மாற்றி வெல்டு செய்பவர் மிக அரிது.

பிறகு பின் மட்கார்டுக்கு வாருங்கள். 1974 செப்டம்பர் வாக்கில் குரோம் பம்பர் போய் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. வண்டியின் உயரத்தையும் சுமார் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். அந்தத் தடிமனான பம்பர் பின் மூலையைச் சுற்றி வருவதால், பின் விளக்குக்குக் கீழே மட்கார்டு தகரத்தின் வடிவமே வேறு. ரப்பர் பம்பர் வண்டியைக் குரோம் பம்பராக மாற்றுபவர் அந்த மூலையில் தகரம் வைத்து வெல்டு செய்தாக வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தை விளக்குக்குக் கீழே மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகிற இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பிறகு டிக்கிக்குள் தலையை விட்டு அதே இடத்தை உள்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே எவ்வளவு அழகாகத் தேய்த்திருந்தாலும் உள்ளே வெல்டிங் கோடு தெரியும். அப்படியே வண்டிக்கு அடியில் பாருங்கள்: கமான் பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் லோயரிங் பிளாக் (உயரத்தைக் குறைக்கும் கட்டை) வைத்திருந்தால், உயரமாக இருந்த வண்டியை யாரோ இறக்கியிருக்கிறார்கள். 1967 வண்டிக்கு அது தேவையே இல்லை. பிளாக் கழற்றக்கூடிய பொருள் என்பதால் தனியாக அதற்கு மதிப்பு இல்லை. மட்கார்டோடு சேர்ந்தால் மதிப்பு உண்டு.

முன்பக்கம் ஒரே ஒரு விஷயம் போதும். ரேடியேட்டரைத் தாங்கும் தடுப்பு எங்கே இருக்கிறது? 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளி மின்விசிறி வைத்தார்கள். அதற்கு முன்னால் அது இன்ஜினை ஒட்டிப் பின்னால் இருந்தது, இன்ஜினே விசிறியைச் சுற்றியது. உங்கள் பாடி 1974க்குப் பிந்தையது என்று உறுதியானால், அது 1977 மாடலுக்கு முந்தையதா இல்லையா என்பதை இந்த இடம் சொல்லிவிடும்.

பச்சை பெயிண்டுக்கு வருகிறேன். டேஷ்போர்டுக்கு அடியில், கதவு அட்டைக்குப் பின்னால், டிக்கியின் மூலையில் இருப்பதுதான் ஒரு பாடியின் பிறவி நிறம். நிறத்தை மாற்றுபவர்கள் அங்கெல்லாம் பெயிண்ட் அடிக்க மெனக்கெட மாட்டார்கள். மஞ்சள் கலந்த பச்சை என்று நீங்கள் சொல்வது சார்ட்ரூஸ் என்ற நிறமாக இருக்கலாம். 1970களில் ரப்பர் பம்பர் வண்டிகளுக்கு வந்த நிறம் அது. நிழல்படாத பகல் வெளிச்சத்தில் நான்கைந்து படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயிண்டைச் சுரண்டாதீர்கள்.

இந்த நிறம் இன்னொரு வேலையும் செய்கிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் எம்ஜிபிக்குப் புத்தம்புது பாடி கூடு செய்து விற்கிறது. துருப்பிடித்த 1967 வண்டியின் பாகங்களை அந்தப் புது கூட்டில் ஏற்றி எத்தனையோ பேர் முறைப்படி ஓட்டுகிறார்கள். விற்றவர் "பாடியும் மாற்றியது" என்று நாளைக்குச் சொல்லக்கூடும். அப்படியானால் பில் இருக்கும். அதோடு, புது கூட்டை வாங்கியவர் டேஷ்போர்டுக்கு அடியில் பச்சையும் வெளியே சிவப்பும் அடிக்க என்ன அவசியம்? வெளியே சிவப்பு, உள்ளே பழைய பச்சை என்றால் அது ஏற்கெனவே ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்த பாடி.

அப்படியானால் அதற்கென்று ஒரு நம்பர் இருந்திருக்கிறது. அதைத் தேடுவதுதான் உங்கள் அடுத்த வேலை. அமெரிக்காவுக்குப் போன வண்டிகளில் 1969 வாக்கிலிருந்து முன் கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே படிக்கும்படி ஒரு நம்பர் தகடு இருக்க வேண்டும் என்று விதி. டேஷ்போர்டின் இடது பக்க மேல்பகுதியிலும் கண்ணாடித் தூணின் அடியிலும் சின்ன ரிவெட் துளைகளோ, அடைத்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவின் விளிம்பையும் கதவு நிலையையும் பாருங்கள்: எந்த மாதம், எந்த வருடம் செய்தது என்று நம்பரோடு சொல்லும் ஒரு லேபிளும் அந்த வண்டிகளில் உண்டு. பெயிண்டுக்கு அடியில் செவ்வக வடிவில் ஒரு மேடு தெரிந்தால் படம் எடுங்கள், கையை வைக்காதீர்கள். அதிர்ஷ்டம் இருந்து நம்பர் கிடைத்தால் படிப்பது எளிது. ஜிஎச்என்5யு என்று வந்து அடுத்து ஒரு எழுத்து வரும்: ஏ என்றால் 1970 மாடல், பி 1971, இப்படியே போய் எஃப் 1975, ஜி 1976, எச் 1977. ஐ கிடையாது, ஜே 1978. இந்த நம்பரை எடுத்துக்கொண்டு 17 எழுத்து நம்பர் கேட்கும் சோதனைப் பக்கங்களுக்குப் போகாதீர்கள். அமெரிக்காவில் அந்த முறை 1981 மாடலில்தான் வந்தது, எம்ஜிபி அதற்குள் நின்றுவிட்டது.

இதற்கு அப்பால் ஒரு சின்ன பாடி நம்பர் தகடும் உண்டு. பானெட் பூட்டு இருக்கும் குறுக்குத் தகரத்தின் பக்கம் தேடுங்கள். சேசிஸ் நம்பரும் அதுவும் வேறு வேறு. மோசடி செய்பவர்கள் பெரிய தகட்டை மாற்றிவிட்டு இதை மறந்துவிடுவது உண்டு, அல்லது எரிச்சலோடு பிடுங்கி எறிந்துவிடுவதும் உண்டு. இருந்தால் நமக்குப் பெரிய உதவி. ஏனென்றால் இங்கிலாந்தின் கெய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. சேசிஸ் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால் ஹெரிட்டேஜ் சான்றிதழ் தருவார்கள். அந்த நம்பரோடு எந்த பாடி நம்பர், எந்த இன்ஜின் நம்பர், என்ன நிறம், எந்தத் தேதியில் செய்து முடித்து எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். உங்கள் ஜிஎச்என்3எல் நம்பருக்கு உடனே விண்ணப்பியுங்கள். இந்த வண்டிக்காக நீங்கள் செலவழிக்கும் பணத்திலேயே மிகப் பயனுள்ள பணம் இதுவாகத்தான் இருக்கும். சான்றிதழில் வேறு நிறமும் வேறு பாடி நம்பரும் வந்தால் வாதத்துக்கே இடமில்லை.

யாராவது இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இதைச் செய்ய வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். முதல் காரணம் விலை: குரோம் பம்பர் எம்ஜிபிக்கு ரப்பர் பம்பர் வண்டியைவிட எப்போதும் மவுசு அதிகம். இரண்டாவது, வயதுச் சலுகை. பல இடங்களில் ஒரு குறிப்பிட்ட வருடத்துக்கு முந்தைய வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனையோ வரியோ கிடையாது. உதாரணமாக கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. 1976 பாடிக்கு 1967 பேப்பர் கிடைத்தால் என்ன லாபம் என்று புரிந்திருக்கும். இந்த இரண்டும் ஏமாற்று வேலை என்றாலும் திருட்டு இல்லை. பிந்தைய வருடத்துத் துரு இல்லாத ஒரு நல்ல பாடியும், துருவில் கரைந்த ஒரு 1967ம் கையில் இருந்த ஒருவர், சட்டம் தெரியாமல் இரண்டையும் சேர்த்திருக்கலாம்.

மூன்றாவது காரணம்தான் எனக்குக் கவலை. திருடிய வண்டிக்கு உடைந்த வண்டியின் தகடும் பேப்பரும். அதற்கு வாய்ப்பு குறைவு என்று நானே நினைத்தாலும், நீங்கள் அதை இல்லையென்று உறுதி செய்யாமல் ஒரு ரூபாயோ டாலரோ அதில் போடக்கூடாது. திருட்டு என்று பின்னால் தெரிந்தால் வண்டி உரிமையாளரிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ போய்விடும். அதற்குள் நீங்கள் போட்ட ஃப்ளோர், பெயிண்ட், உழைப்பு எல்லாமே அதோடு போகும். விபத்து ஒன்று நடந்தால், பேப்பரில் உள்ள வண்டியும் சாலையில் உள்ள வண்டியும் வேறு என்று காப்பீடு மறுக்கவும் வழி இருக்கிறது.

அதனால் இந்த வரிசையில் போங்கள். படம் எடுத்து, தேதியோடு எழுதி வையுங்கள். விற்றவரிடம் சண்டை போடாமல் எழுத்தில் கேளுங்கள்: பாடி எங்கிருந்து வந்தது, அந்த வண்டியின் பேப்பர் எங்கே, வேலை நடந்தபோது எடுத்த படம் இருக்கிறதா? நேர்மையானவர் என்றால் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். பிரித்த வண்டியைப் படம் எடுக்காதவர்கள் குறைவு. அவர் பதில் வந்தாலும் வராவிட்டாலும், கிடைத்த பழைய நம்பரோடு காவல் துறைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் நீங்களே போங்கள். சந்தேகம் வந்ததும் தானாக வந்து சொன்னவர் என்ற எழுத்துப் பதிவு உங்கள் பெயரில் இருப்பது ரொம்ப முக்கியம். ஒரு எம்ஜி உரிமையாளர் சங்கத்தில் வயதான, கையில் கிரீஸ் படிந்த ஆட்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களில் ஒருவரை வரவழைத்து வண்டியைக் காட்டி, பார்த்ததை எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பின்னால் விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்பதானால் அந்தக் காகிதம் நிற்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். தகட்டைக் கழற்றாதீர்கள், "சரி செய்யாதீர்கள்", புதிதாக ஒரு நம்பர் குத்தி வாங்காதீர்கள். அந்தத் தகடு தப்பான பாடியில் இருந்தாலும் அது ஒரு சாட்சி. நீங்கள் தொட்ட பிறகு அது உங்கள் வேலை ஆகிவிடும். நம்பரைத் திருத்துவது பெரும்பாலான நாடுகளில் தனிக் குற்றம், நோக்கம் என்னவென்று கேட்க மாட்டார்கள்.

திருட்டு இல்லை என்று தெரிந்து, விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால், அந்த வண்டியைக் கைவிடாதீர்கள். துருப்பிடிக்காத ரப்பர் பம்பர் பாடி ஒன்றும் மோசமான வண்டி இல்லை. உயரத்தை இறக்கி, கார்புரேட்டரைச் சீர்செய்தால் ஓட்ட அருமையாக இருக்கும். பாகங்கள் எல்லாம் இன்னும் கிடைக்கின்றன. அதன் உண்மையான வருடத்திலேயே பதிவு செய்யக் கேளுங்கள். சில நாடுகளில் அதற்குப் பரிசோதனை உண்டு, சில இடங்களில் மறுசேர்க்கை வண்டி என்று புது நம்பரே ஒதுக்குவார்கள். அலைச்சல்தான். ஆனால் அதற்குப் பிறகு விற்கும்போது யாருடைய கண்ணையும் நேராகப் பார்த்து, இது இந்த வருடத்து வண்டி என்று சொல்லலாம். குரோம் பம்பர் ஆசை இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பதிவில் மட்டும் 1967 என்று எழுதாதீர்கள்.

ஃப்ளோர் தகடு ஆர்டரையும் நிறுத்தி வையுங்கள். டனலின் அகலம், ரேடியேட்டர் தடுப்பின் இடம், பின் விளக்குக்குக் கீழே உள்பக்கம், கதவு நிலை ஆகிய நான்கின் படத்தை முதலில் அனுப்புங்கள். கெய்டனிலிருந்து சான்றிதழ் வந்ததும் அதில் உள்ள நிறத்தையும் பாடி நம்பரையும் எழுதுங்கள். எந்த வருடத்துக்கான ஃப்ளோர் தகடு வாங்க வேண்டும் என்று அப்போது சொல்கிறேன்.